திரையைப் பார்த்தே எரியும் கண்ணுக்கு ஒரு முழு வழிகாட்டி

காரைக்குடியில் கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். எழுதுவது என்று வாயில் வருகிறதே தவிர, எழுதுவது எங்கே, எல்லாம் தட்டுவதுதான். மாதம் பிறந்தால் 11-ம் தேதி ஒரு ஜிஎஸ்டி படிவம், 20-ம் தேதி இன்னொன்று, நடுவில் பில்லைக் கொடுக்காமல் இழுத்தடிக்கும் கடைக்காரர்களைத் துரத்துவது என்று நாளைக்குப் பத்து மணி நேரம் திரை முன்னால் போகும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு 20-ம் தேதி ராத்திரி அப்பத்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, கண்ணு கோவைப்பழமாட்டம் செவந்து கெடக்கு, அழுதியா?" என்று கேட்டார்கள். அழவில்லை. அழுதிருந்தால் கண் நன்றாக இருந்திருக்கும் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் நான் செய்ததில் பாதி தப்பு. மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து, கண்ணாடிக் கடையில் ஒரு நீலநிற வடிகட்டிக் கண்ணாடி என்று காசைக் கொட்டினேன், எரிச்சல் அப்படியேதான் இருந்தது. கடைசியில் உதவியதெல்லாம் காசே ஆகாத வேலைகள். அவற்றை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன். எல்லோரும் கடையில் ஆரம்பிக்கிறார்கள், ஆரம்பிக்க வேண்டியது உட்காரும் இடத்தில்.

முதலில், எரிவது ஏன்?

திரையிலிருந்து ஏதோ கதிர் வந்து கண்ணைச் சுடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. நடப்பது இரண்டு விஷயம். ஒன்று, கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் கண்ணுக்குள் இருக்கும் ஒரு குட்டித் தசை சுருங்கி, லென்ஸைக் கொஞ்சம் உருண்டையாக்க வேண்டும், இரண்டு கண்ணும் மூக்குப் பக்கம் லேசாகத் திரும்பவும் வேண்டும். ஆறு மீட்டருக்கு அப்பால் பார்க்கும்போது அந்தத் தசைக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. பத்து மணி நேரம் கிட்டத்திலேயே பார்த்தால், ஒரு குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல் நிற்பது மாதிரிதான். நெற்றி வலி, சாயங்காலம் தெருவில் வருகிறவர் முகம் கொஞ்ச நேரம் மங்கலாகத் தெரிவது, எல்லாம் இதனால் வருவது.

இரண்டாவது, இமைக்க மறந்துபோவது. சும்மா பேசிக்கொண்டிருக்கும்போது நிமிஷத்துக்குப் பதினைந்து தடவைக்குக் குறையாமல் இமைக்கிறோம். திரையைப் பார்த்தால் அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. இமைக்கிற கொஞ்சமும் அரைகுறை, மேல் இமை முழுசாக இறங்குவதே இல்லை. கண்மேல் இருக்கும் கண்ணீர்ப் படலம் காய்கிறது. எரிச்சல், மணல் விழுந்தது போன்ற உறுத்தல், சிவப்பு, சில பேருக்குக் கண்ணில் தண்ணீராகக் கொட்டுவதுகூட (காய்ந்த கண் பதறிப்போய் ஊற்றுகிற தண்ணீர் அது) இதில் சேர்த்தி.

படி 1: மேசையைத் திருப்புங்கள்

எங்கள் வீடு பழைய வளவு வீடு. நடுவில் முற்றம், சுற்றி வரத் தேக்குத் தூண், கீழே ஆத்தங்குடிக் கல், சுவரில் முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. கையை வைத்தால் பளிங்கு மாதிரி வழுக்கும். பார்க்க அழகு, கணினி வைத்து வேலை செய்ய அவ்வளவு மோசமான இடம் வேறு கிடையாது. காற்று வருகிறதே என்று முற்றத்தைப் பார்த்த மாதிரி மேசையைப் போட்டிருந்தேன். பதினோரு மணிக்கு மேல் வெயில் முற்றத்தில் இறங்கியதும் தரையும் சுவரும் சேர்ந்து கண்ணைக் கூசவைக்கும், நடுவில் மங்கலாக என் திரை. பிரகாசத்தைக் கூட்டுவேன், அப்புறமும் தெரியாது, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பேன். சரி என்று முற்றத்துக்கு முதுகு காட்டித் திருப்பினால், திரைக்குள் முற்றம் முழுக்கத் தெரிந்தது, கோலம் வரைக்கும்.

வெளிச்சம் வரும் சன்னலோ முற்றமோ உங்களுக்கு நேர் எதிரேயும் இருக்கக் கூடாது, முதுகுக்குப் பின்னாலும் இருக்கக் கூடாது, பக்கவாட்டில் இருக்க வேண்டும். சோதித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி: பகல் பன்னிரண்டு மணிக்குத் திரையை அணைத்துவிட்டு, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து அந்தக் கருப்புக் கண்ணாடியைப் பாருங்கள். அதில் விளக்கோ சன்னலோ வெள்ளைச் சட்டையோ தெரிந்தால், நாள் முழுக்க அதையும் சேர்த்துத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். மேசையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, அது மறைகிற இடத்தில் நிறுத்துங்கள். நகர்த்த முடியாத வீடு என்றால் ஒரு மூங்கில் தட்டி போதும்.

அப்படியே மின்விசிறியையும் பாருங்கள். சித்திரை வைகாசியில் எங்கள் பக்கம் அடிக்கிற வறண்ட வெக்கையில், மேசை விசிறியை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கண் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஏசிக் காற்றும் அப்படியே. காற்று மேலே படட்டும், முகத்தில் மட்டும் நேராக அடிக்க வேண்டாம். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதி எரிச்சல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படி 2: தூரமும் உயரமும்

திரை கண்ணிலிருந்து 50 முதல் 70 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையின் நடுப்பகுதி கண் மட்டத்துக்கு 10 முதல் 13 சென்டிமீட்டர் கீழே இருக்கட்டும்.

ஏன் கீழே? எங்கள் ஐயா காலத்துக் கணக்குப்பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, சாய்வான மூடி போட்ட கணக்குப் பெட்டியை மடிக்கு முன்னால் வைத்துக்கொண்டு பேரேடு எழுதுவார்கள். பார்வை கீழ்நோக்கி இருக்கும்போது மேல் இமை தானாகவே பாதி இறங்கியிருக்கும், காற்றுப்படுகிற கண் பரப்பு குறையும், ஈரம் சீக்கிரம் காயாது. திரையை உயரத்தில் வைத்து அண்ணாந்து பார்த்தால் விழி முழுக்கத் திறந்து கிடக்கும். பெரிய திரை வாங்கிச் சுவரில் ஆணியடித்து மாட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. மடிக்கணினிக்கு எதிர்ப்பக்கத் தொல்லை: கண்ணுக்கு அது வசதியான உயரம், கழுத்துக்குத்தான் ஆகாது. நான் இரண்டு பழைய பைண்டு நோட்டை அடியில் கொடுத்து, தனி விசைப்பலகை ஒன்று வாங்கிக்கொண்டேன்.

படி 3: எழுத்தைப் பெரிதாக்குங்கள்

இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை, ஆனால் எக்செல் தாளை 80 சதவீதத்துக்குச் சுருக்கி முழு வருஷக் கணக்கையும் ஒரே திரையில் பார்ப்பதில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு பெருமை. எனக்கும் இருந்தது. எழுத்து அளவு சரிதானா என்று பார்க்க, உட்காரும் தூரத்தைப் போல மூன்று மடங்கு பின்னால் போய் நில்லுங்கள். 60 சென்டிமீட்டர் என்றால் ஆறடி. அங்கிருந்து தட்டுத்தடுமாறியாவது வாசிக்க முடிந்தால் அளவு போதும். முடியாவிட்டால் பெரிதாக்குங்கள். தமிழ் எழுத்துக்கு இன்னும் ஒரு சுற்றுக் கூட்டுவது நல்லது. 'ண'வுக்கும் 'ன'வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம், சின்ன எழுத்தில் அது பார்வைக்கு வேலை வைக்கும்.

பிரகாசத்துக்கு ஒரு வெள்ளைத் தாள் போதும். திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, பக்கத்தில் தாளைப் பிடியுங்கள். திரை ட்யூப்லைட் மாதிரி எரிந்தால் குறையுங்கள், அழுக்கு வேட்டி மாதிரி தெரிந்தால் கூட்டுங்கள். காலையில் ஒரு தடவை, விளக்கு வைத்த பிறகு ஒரு தடவை. அறை விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் திரையை மட்டும் பார்ப்பதை விட்டுவிடுங்கள். கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து சில பேருக்குச் சுகம், ஆனால் கண்ணாடியில் சிலிண்டர் பவர் (விழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததற்குப் போடுவது) உள்ளவர்களுக்கு எழுத்தைச் சுற்றிப் புகை மாதிரி பரவும். எனக்குச் சிலிண்டர் உண்டு, அதனால் வெள்ளைப் பின்னணிதான்.

படி 4: இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தூரத்தைப் பாருங்கள்

கண் மருத்துவர்கள் எல்லோரும் சொல்லும் 20-20-20 கணக்கு இது: 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடிக்கு அப்பால் இருக்கும் ஒன்றை, 20 விநாடி பார்ப்பது. கேட்கச் சுலபமாக இருக்கிறது, செய்கிறவர் குறைவு, ஏனென்றால் பெரும்பாலான அறைகளில் இருபது அடியே கிடையாது. பத்துக்குப் பத்து அறையில் சுவரைப் பார்த்து என்ன ஓய்வு?

செட்டிநாட்டு வீட்டுக்கு இதில்தான் மவுசு. முன்வாசலில் நின்றால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் நேர்கோட்டில் தெரியும், வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். என் நாற்காலியை அந்தக் கோட்டை ஒட்டிப் போட்டிருக்கிறேன். தலையை ஒரு பக்கம் திருப்பினால் பின்வாசல் வரைக்கும் பார்வை போகும், அங்கே ஆட்டுக்கல் மேல் காக்காய் உட்கார்ந்திருக்கும், அதைப் பார்ப்பேன். வாடகைக்குச் சின்ன வீட்டில் இருப்பவர்கள் சன்னல் வழியாக எதிர்வீட்டு மாடியையோ மரத்தையோ பார்க்கலாம். வெறுமனே திரும்பினால் போதாது, அங்கே ஒரு பொருளைத் தெளிவாகத் தெரியும்படி பார்க்க வேண்டும், அப்போதுதான் அந்தத் தசை தளரும்.

இருபது நிமிஷம் நினைவிருக்காது. ஃபோனில் மணி வையுங்கள் என்று சொல்வார்கள், இரண்டாம் நாளே எரிச்சலில் அணைத்துவிடுவீர்கள். நான் வேலையோடு முடிச்சுப் போட்டுவிட்டேன்: ஒரு கடையின் பில் கட்டு முடிந்ததும் நிமிர்வது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து பத்துப் பதினைந்து நிமிஷம் நடப்பது.

இதிலே ஒரு பெரிய ஏமாற்று வேலை இருக்கிறது, நாம் நம்மையே ஏமாற்றுவது. கணினியிலிருந்து கண்ணை எடுத்து "கொஞ்சம் ஓய்வு" என்று கைபேசியை எடுப்பது. கணினி 60 சென்டிமீட்டரில் இருக்கிறது, கைபேசியை 30-ல் பிடிக்கிறோம். அந்தத் தசைக்கு வேலை அப்படியே இரட்டிப்பாகிறது. கணினியே தேவலை. ஓய்வு நேரத்தில் கைபேசியைத் தொடாமல் இருக்க முடியவில்லை என்றால் யாருக்காவது ஃபோன் போட்டுப் பேசுங்கள், பேசினால் கண்ணும் நன்றாக இமைக்கும்.

படி 5: இமைக்கப் பழகுங்கள்

சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிதான் செய்வேன் என்று நீங்கள் அடம்பிடித்தால் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

கைபேசியைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, வேலை செய்யும்போது உங்கள் முகத்தை ஐந்து நிமிஷம் வீடியோ எடுங்கள். முதல் நிமிஷத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், வீடியோ எடுக்கிறோம் என்ற நினைப்பில் ஒழுங்காக இமைப்பீர்கள். கடைசி நிமிஷத்தை எண்ணுங்கள். எனக்கு ஐந்து வந்தது, அதிலும் இரண்டுதான் முழு இமைப்பு, மற்றதெல்லாம் தூக்கக் கலக்கத்தில் கண் சொருகுகிற மாதிரி அரைவாசி.

பயிற்சி இதுதான். கண்ணை மெதுவாக மூடுங்கள். மூடியபடி இரண்டு விநாடி. லேசாக அழுத்தி மூடி இன்னொரு இரண்டு விநாடி. திறங்கள். இப்படிப் பத்துத் தடவை, 20 நிமிஷ இடைவேளையோடு சேர்த்து. இமை ஓரத்தில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன, ஒவ்வோர் இமையிலும் இருபது முப்பது இருக்கும். முழுசாக மூடும்போதுதான் அந்த எண்ணெய் பிதுங்கிக் கண்ணீர்மேல் பரவும். குழம்பின் மேல் எண்ணெய் மிதந்தால் சீக்கிரம் ஆறாதல்லவா, அதே கதைதான். எண்ணெய் படர்ந்தால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது.

படி 6: ராத்திரி ஒத்தடம்

அந்த எண்ணெய் சிலருக்குக் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். காலையில் எழுந்ததும் கண் ஒட்டியிருப்பது, இமை ஓரத்தில் நுரை மாதிரி வருவது, அடிக்கடி கண்கட்டி வருவது எல்லாம் அடையாளம். இதற்கு வெந்நீர் ஒத்தடம். பழைய மல் வேட்டித் துண்டு ஒன்றைப் பொறுக்கும் சூடுள்ள தண்ணீரில் (40 டிகிரி சுமார், மணிக்கட்டின் உள்பக்கம் வைத்தால் இதமாக இருக்க வேண்டும்) நனைத்துப் பிழிந்து மூடிய கண்மேல் போடுங்கள். இரண்டு நிமிஷத்தில் ஆறிவிடும், திரும்ப நனைக்க வேண்டும், மொத்தம் பத்து நிமிஷம். முடிந்ததும் சுத்தமான விரலால் மேல் இமையை மேலிருந்து கீழாகவும், கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும் மெல்ல நீவிவிடுங்கள். அழுத்த வேண்டாம். அரிசியை வறுத்து மூட்டை கட்டி ஒத்தடம் கொடுப்பதும் உண்டு, சூடு நின்று பிடிக்கும், ஆனால் இமைத் தோல் ரொம்ப மெல்லியது என்பதால் கவனம். (அதற்குக் கவுனி அரிசியை எடுத்துவிடாதீர்கள், வீட்டில் சண்டை வரும்.)

அரிப்புத்தான் முக்கியத் தொல்லை என்றால் வெந்நீர் வேண்டாம், அது ஒவ்வாமையாக இருக்கலாம், குளிர்ந்த துணி போடுங்கள்.

அப்பத்தா தோட்டத்திலிருந்து நந்தியாவட்டைப் பூவைப் பறித்து வந்து மூடிய கண்மேல் வைப்பார்கள். குளிர்ச்சியாக இருக்கும், பத்து நிமிஷம் கண்ணை மூடிப் படுத்திருப்பதே பாதி மருந்து. காம்பைக் கிள்ளினால் பால் வடிகிற செடி அது, அந்தப் பால் கண்ணில் படக் கூடாது, அதனால் காம்பை நீக்கிக் கழுவிய பூ, அதுவும் மூடிய கண்மேல் மட்டும். விளக்கெண்ணெய், தேன், தாய்ப்பால் எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள். யார் சொன்னாலும் சரி.

படி 7: சொட்டு மருந்து

நான் முதலில் வாங்கியது, சிவந்த கண்ணை ஐந்து நிமிஷத்தில் வெளுக்க வைக்கும் சொட்டு. கடைக்காரர் கேட்காமலே எடுத்துக் கொடுத்தார். நாஃபசோலின் மாதிரி மருந்து உள்ள சொட்டு அது, ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும், கண் வெளுக்கும், மருந்தின் வேகம் இறங்கியதும் முன்னைவிடச் சிவக்கும், திரும்ப ஊற்றத் தோன்றும். மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன். அதைவிட ஆபத்தானது ஸ்டீராய்டு சொட்டு. டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று அட்டையில் இருந்தால், மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் தொடவே தொடாதீர்கள். நாள்பட ஊற்றினால் கண்ணழுத்தம் கூடிப் பார்வை நரம்பு கெடும், கண்புரையும் சீக்கிரம் வரும்.

வறண்ட கண்ணுக்கு வேண்டியது செயற்கைக் கண்ணீர்தான், கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ் 0.5% போன்றவை. நாளைக்கு நாலு தடவைக்கு மேல் தேவைப்பட்டால், கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனம் இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். திறந்த புட்டியை ஒரு மாதத்தில் தூக்கிப் போடுங்கள். திறந்த தேதியைப் பேனாவால் மேலே எழுதிவைப்பது நல்ல பழக்கம்.

படி 8: கண்ணாடி

நீலநிற வடிகட்டிக் கண்ணாடிக்கு நான் கொடுத்த பணத்துக்கு ஒரு மூட்டை பச்சரிசி வாங்கியிருக்கலாம். திரையின் நீல ஒளி கண்ணைக் கெடுப்பதற்கு ஆதாரம் இல்லை, முற்றத்து வெயிலில் அதைப்போலப் பல மடங்கு நீல ஒளி இருக்கிறது. இதுவரை நடந்த சோதனைகளை எல்லாம் திரட்டிப் பார்த்து 2023-ல் காக்ரேன் என்கிற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட ஆய்வும், சாதாரணக் கண்ணாடியைவிட இது கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே சொல்கிறது. ராத்திரி தூக்கம் கெடுகிறது என்றால் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் திரையை மூடிவிடுங்கள்.

சரியான பவர் கண்ணாடி என்பது வேறு விஷயம், அது ரொம்ப முக்கியம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வந்துவிடும். படிக்கிற கண்ணாடி பேப்பர் பிடிக்கும் தூரத்துக்குப் போட்டது, 60 சென்டிமீட்டரில் இருக்கும் திரை அதில் மங்கும், அதனால் முகத்தை முன்னால் கொண்டுபோவீர்கள். புரோகிரசிவ் கண்ணாடி (மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்கும் பவர் உள்ளது) என்றால் கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் பார்க்கத் தாடையைத் தூக்குவீர்கள், மாசக் கடைசியில் கழுத்துப் பிடித்துக்கொள்ளும். கணினி தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் வேலை அதிகமுள்ள நாளில் கண்ணாடிக்கு மாறிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் விஷயம் தனி. அவர்களுக்குத் தினம் இரண்டு மணி நேரம் வெளியில், வெளிச்சத்தில் விளையாட்டு வேண்டும். கிட்டப்பார்வை வருவதை அது தள்ளிப்போடுகிறது, தைவானில் 2010-லிருந்து பள்ளிக்கூடங்களிலேயே இதைத் திட்டமாகச் செய்கிறார்கள். ஊருணிக் கரையில் ஓடுகிற பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கையில் ஃபோனைக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

படி 9: இதற்கு மேலும் சரியாகவில்லை என்றால்

மேலே சொன்னதை ஒழுங்காக மூன்று நாலு வாரம் செய்தும் எரிச்சலோ தலைவலியோ நிற்கவில்லை என்றால் கண் பரிசோதனைக்குப் போங்கள். கீழே சொல்வதற்கு மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்: திடீரென்று பார்வை குறைவது, மின்னல் மாதிரி வெளிச்சம் தெறிப்பது, கருப்புப் புள்ளிகள் திடீரென நிறைய மிதப்பது, ஒரு பக்கம் திரைச்சீலை இறங்குவது போலத் தெரிவது, ஒரு கண் மட்டும் சிவந்து கடுமையாக வலிப்பது, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது. இவை எதையும் திரையால் வருகிற சோர்வு என்று விட்டுவிடக் கூடாது.

எங்கள் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் மதுரைக்குத்தான் போவார்கள். 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. எங்கே போனாலும் சரி, போவதற்கு முன்னால் இன்ச் டேப்பை எடுத்துக் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை அளந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். படிக்கிற தூரத்துக்குத்தான் வழக்கமாகச் சோதிப்பார்கள். உங்கள் திரை எத்தனை சென்டிமீட்டரில் இருக்கிறது என்று நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். பழைய கண்ணாடி, இதுவரை ஊற்றிய சொட்டு மருந்துப் புட்டிகள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நாற்பது தாண்டியிருந்தால் கண்ணழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள்.

சோதிப்பதற்காகக் கண்ணின் பாவையை விரிக்கச் சொட்டு விட்டால் நாலைந்து மணி நேரத்துக்குக் கிட்டத்தில் எதுவும் தெரியாது, வெயில் கண்ணைக் குத்தும். அதனால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு பேருந்தில் போங்கள், கருப்புக் கண்ணாடி ஒன்று கையில் இருக்கட்டும். நான் போன அன்றைக்கு 19-ம் தேதி. திரும்பும்போது மேலூர் தாண்டித் திருப்பத்தூர் வரைக்கும் ஃபோன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யார் பெயர் என்று வாசிக்க முடியவில்லை, சன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.